கடைசியில் நடப்பவள்

முன்னால் நடப்பவள் ஹெஸ்டர்.
அவளிடம் வரலாறு இருக்கிறது, வரைபடம் இருக்கிறது,
நெற்றியில் கட்டிய விளக்கும் உண்டு, பகலிலும்.
கடைசியில் நடப்பவள் நான்.
என்னிடம் கொப்புளத்துக்கு ஒட்டும் பட்டையும்
பதினொன்று என்கிற எண்ணும்.

வேலி தாண்டும் படிகள்தோறும் எண்ணுவேன்,
தலைகளை அல்ல, முதுகுப்பைகளை.
ஆரஞ்சு, பச்சை, சாம்பல், இன்னொரு சாம்பல்.
மழையுறை போர்த்திவிட்டால் எல்லாம் ஒரே நீலம்,
பிறகு நடையை வைத்துத்தான்.
இடதுகாலை இழுப்பவர் பல் மருத்துவர்.
இரண்டு கோலாலும் குத்திக் குத்தி
நிலத்துக்கு ஊசி போடுகிறவர் ரோட்டர்டாம்காரர்.

ஹெஸ்டர் சொல்வதில் பாதியைக்
காற்று எடுத்துக்கொள்ளும்.
எனக்கு வந்துசேர்வது
'ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டுக்கு'
'சிரியாவிலிருந்து வில்லாளிகள்'
'ஈரக் காலுறை.'
இடைவெளியை நானே நிரப்பிக்கொள்வேன்.
பதினாறு வருடமாக நிரப்புகிறேன்,
ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி.

ரோம மைலுக்கு ஒரு சிறுகோட்டை,
கோட்டைக்கு வடக்கே ஒரு வாசல் என்று உத்தரவு.
இங்கே வாசலைத் திறந்தால் செங்குத்துப் பாறை,
கீழே ஏரி, கால் வைக்க இடமில்லை.
ஆனாலும் கட்டினார்கள்.
"யாராவது சொல்லியிருக்கலாமே" என்றார் பல் மருத்துவர்.
அலுவலகம் போகிறவர்கள் மட்டும் சிரித்தார்கள்.

லினெட்டும் டெரெக்கும் சிரிக்கவில்லை.
முதல் இரவு விடுதிச் சமையலறையில்
ஒரு டின் திறப்பானில் தொடங்கியது அது.
டின் திறப்பானில் தொடங்குவது எதுவும்
அதோடு முடிவதில்லை.
மூன்றாம் நாளாக அவள் சுவருக்குத் தெற்கே,
அவர் வடக்கே.
இடுப்பளவுக் கல்தான்.
ஆட்டுக்குட்டி தாவிவிடும்.
வடக்கே பாதை கிடையாது,
கூப்பிட்டுச் சொல்ல வேண்டியது என் வேலை.
சொல்லவில்லை.

பிற்பகல் சரிவு இறங்கியதும் சுவர் இல்லை.
இடிந்துகூட இல்லை. புல்.
"எங்கே?" என்றது ஆரஞ்சு.
பணம் கட்டி வந்தவர்கள், கேட்கலாம்.
ஹெஸ்டர் என்னைப் பார்த்தாள்.
நான் பள்ளத்தில் எங்கள் தொழுவத்தைப் பார்த்தேன்.
டாட் குடும்பத்தார் ஒரு கோடை முழுக்க
எருது கட்டி இழுத்துப்போன நூற்றிருபது கெஜம் அது.
திருட்டு என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை.
கல் கிடந்தது, பசு நனைந்தது.
"மண்ணுக்கடியில்" என்றாள் ஹெஸ்டர்.
நல்லவள்.

அந்த வெறும்புல்லில்
லினெட்டும் டெரெக்கும் பக்கத்தில் பக்கத்தில்.
நடுவே ஒன்றுமில்லை என்று தெரியவே
கொஞ்ச தூரம் பிடித்தது.
அவள் குனிந்து
அவிழாத கயிற்றை அவிழ்த்துக் கட்டினாள்.
அவர் நின்றார், வானத்தைப் பார்ப்பவர் போல.
சுவர் மறுபடி தொடங்கிய இடத்தில்
யார் எந்தப் பக்கம் போனார்கள், பார்க்கவில்லை.
ரோட்டர்டாம்காரரின் ஒரு கோலைச் சேறு விழுங்கிவிட்டது,
பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

மழை. அடுத்த படியில் எண்ணினேன்.
பத்து.
மறுபடியும் பத்து.
வயிறு ஒருமுறை கீழே விழுந்து எழுந்தது.
அப்புறம்தான் கண்டேன்,
முன்னும் பின்னும் கூன் விழுந்த ஒரு நீலத்தை.
டெரெக்.
அவள் பை அவர் மார்பில்.
அவள் கைகளைச் சட்டைப்பையில் விட்டுக்கொண்டு
பத்தடி முன்னால்.
பேசிக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

வேன் வந்தது. "எல்லாரும் சேர்த்தி?" என்றான் ஓட்டுநர்.
"சேர்த்தி" என்றேன்.

வீட்டுக்கு வந்து விளக்கோடு தொழுவத்துக்குப் போனேன்.
ஆறு பசு. எண்ணத் தேவையில்லை, எண்ணினேன்.
கிழட்டு வெள்ளைச்சுட்டி
மூலைக்கல்லில் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது.
யாரோ உளியால் இழுத்த சாய்ந்த கோடுகள்,
அவற்றில் சிக்கிய மயிர்.
கொஞ்சம் தள்ளி நின்றேன்,
அதற்கு அரிப்பு தீரட்டும் என்று.